வேரைக் காத்தவர்: ஹியூகோ வுட்

நுழையும்முன்

காட்டை அழிக்கச் சில ஆண்டுகள் போதும். அழிந்த காட்டை மீட்கவோ ஒரு மனிதனின் ஆயுள் போதாது. தாம் நடும் மரத்தின் முழு வளர்ச்சியைத் தம் கண்ணால் காண இயலாது என்று தெரிந்தே அப்பணியில் இறங்கியவர்கள் சிலர். அவர்களுள் ஒருவர், ஆனைமலைக் காடுகளுக்கு மறுவாழ்வு தந்த ஹியூகோ வுட். அவருடைய வாழ்வையும் பணியையும் அறிவோம்.

பாலையாகும் முல்லை

நம் முன்னோர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். அவற்றுள் பாலைக்கு மட்டும் தனியானதோர் இடம் இல்லை. மழை பொய்த்து, வெம்மை மிகுந்து, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெடும்பொழுது அவை பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் எனச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டுகிறார். செழித்த காடும் சீரழியக்கூடும் என்பது பழந்தமிழர் அறிந்த செய்தியாகும். கெட்ட நிலம் மீண்டும் செழிக்குமா என்பது அதையடுத்து எழும் வினா. இக்காலத்து அறிஞர்கள் காட்டு நிலப்பரப்பை மீட்டெடுத்தல் என்று கூறுவது அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே ஆகும்.

நாம் வாழும் மார்டள்ளியைச் சுற்றிலும் மாதேசுவர மலைத்தொடரின் காடுகள் விரிந்துள்ளன. இவ்வூர் முன்பு அமைந்திருந்த கொள்ளேகால் வட்டம், 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்படும் வரை, சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் மைசூர் மாவட்டத்தின் பகுதியாக விளங்கி, 1997-இல் சாமராசநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் வடகோடியில் நம் மலைகள் நின்றன; தென்கோடியில் ஆனைமலை நின்றது. ஒரே மாவட்டத்தின் மறுமுனையில் நிகழ்ந்த இவ்வரலாறு நமக்கும் உரியதே.

தேக்கின் பெருமையும் காட்டின் துயரும்

ஆனைமலையின் இலையுதிர் காடுகளில் இயற்கையாக வளரும் மரம் தேக்கு. அதன் வைரம் எண்ணெய்ப் பசை நிறைந்தது. கறையான் அதை எளிதில் அரிப்பதில்லை. நீரில் நனைந்தாலும் விரைவில் உளுத்துப் போவதில்லை. ஆகவே கப்பல் கட்டுவோர் தேக்கை விரும்பித் தேடினர். பம்பாய்க் கப்பல் தளத்தில் மலபார்த் தேக்கினால் கட்டப்பட்டு 1817-இல் நீரில் இறக்கப்பட்ட திருகோணமலை என்னும் பெயர் கொண்ட போர்க்கப்பல், இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கின் உறுதிக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அந்த உறுதியே காட்டுக்குப் பகையாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் கப்பல் தளங்களுக்காக ஆனைமலையின் தேக்குகள் வீழ்த்தப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து ரயில்பாதை வந்தது. 1862-இல் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை தண்டவாளம் நீண்டது. ஒரு மைல் தண்டவாளம் அமைக்க 1,760 முதல் 2,000 வரை சிலிப்பர்க் கட்டைகள் தேவைப்பட்டன. அவையும் சில ஆண்டுகளில் தேய்ந்தன. மாற்றுக் கட்டைகளுக்காக மீண்டும் காட்டில் கோடரி விழுந்தது.

வெட்டிய மரங்களை யானைகள் மலையின் விளிம்பு வரை இழுத்து வந்தன. அங்கிருந்து அவை சரிவில் உருட்டிவிடப்பட்டு அடிவாரத்தை அடைந்தன. மேலிருந்து மரங்களைச் சறுக்கிவிட்ட அவ்விடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. இன்று சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சியோடு உச்சரிக்கும் அப்பெயர், ஒரு காடு சரிந்த வரலாற்றைத் தன்னுள் தாங்கியிருக்கிறது.

இந்நிலை கண்டு கவலை கொண்டோரும் இருந்தனர். 1856-இல் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக அமர்ந்த ஹியூ கிளெகார்ன், மரம் வெட்டுதலுக்கு வரம்பு வேண்டும் என வற்புறுத்தினார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. எனினும் சட்டத்தால் காட்டுக்கு எல்லைக்கல் நட முடிந்ததே அன்றி, இழந்த மரத்தை மீண்டும் தளிர்க்கச் செய்ய முடியவில்லை. அதற்கு வேறொரு அறிவும் வேறொரு பொறுமையும் தேவைப்பட்டன.

வெட்டும் முறையை மாற்றியவர்

ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட் 1870-இல் பிறந்தார். ஆங்கிலேய அரசின் வனத்துறையில் அதிகாரியாகப் பணியாற்றினார். 1910-களின் நடுப்பகுதியில் ஆனைமலைக் காடுகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்பொழுது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அரசுக்கு மரம் வேண்டும், வருவாய் வேண்டும். காட்டிலோ அரை நூற்றாண்டுக்கு மேலாக எடுத்தவை மிகுதி. நட்டவை மிகக் குறைவு. மரம் வேண்டும் என்னும் அரசின் ஆணைக்கும் தாங்காது என்னும் காட்டின் நிலைக்கும் இடையே வுட் நின்றார்.

அவர் வெட்டுவதையே கூடாது என்று கூறவில்லை. அவ்வாறு கூறியிருந்தால் அக்காலத்து அரசு கேட்டிருக்காது. எவ்வாறு வெட்டுகிறோம் என்பதைத்தான் அவர் கேள்விக்கு உள்ளாக்கினார். மரத்தை வேரோடு அகற்றாமல், தரைக்குச் சற்று மேலே அறுத்து, அடிக்கட்டையை உயிரோடு விட்டுவைக்க வேண்டும் என்பது அவரது திட்டம். அரசு அதனை ஏற்றது.

இம்முறையின் நுட்பத்தை அறிதல் நன்று. மரம் வீழ்ந்தாலும் அதன் வேர்த்தொகுதி மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். பல ஆண்டுகளாகச் சேமித்த உணவு அவ்வேர்களில் நிறைந்திருக்கும். அடிக்கட்டையின் பட்டைக்கு அருகே உறங்கும் மொட்டுகள் மழை கண்டதும் விழித்துத் துளிர்க்கும். அத்துளிர்களுள் வலிமை மிக்க ஒன்றிரண்டை விட்டுப் பிறவற்றைக் களைந்தால், அது நேராக ஓங்கி வளரும். விதையிலிருந்து முளைக்கும் சிறு கன்று, நீரைத் தேடி வேர்விடுவதற்கே சில ஆண்டுகள் போராட வேண்டும். மறுதாம்புத் தளிருக்கோ ஆழ வேர் முன்னரே அமைந்திருக்கிறது.

மண்ணுக்கும் இதனால் நன்மை உண்டு. வேரைத் தோண்டினால் மலைச்சரிவின் மண் நெகிழும். தென்மேற்குப் பருவமழையின் முதல் வேகத்தில் அது ஓடையில் கலந்து இறங்கும். மேல்மண் போனபின் புல்லே மிஞ்சும். கோடையில் புல் எரியும். எரிந்த நிலத்தில் கன்று தங்காது. உயிருள்ள வேர் இந்தச் சுழலை அறுக்கிறது. அறுத்த பகுதியை மீண்டும் உடனே தொடாமல், பல ஆண்டுகள் ஓய்வு கொடுப்பதும் இம்முறையின் இன்றியமையாத பகுதியாகும். அடிக்கடி அறுத்தால் வேரின் சேமிப்பும் தீர்ந்துவிடும்.

கைத்தடியும் விதையும்

அடிக்கட்டைகளும் இல்லாமல் வெறுமையான இடங்கள் ஆனைமலையில் பல இருந்தன. அங்கே விதையைத் தவிர வேறு வழி இல்லை. வுட் காட்டில் நடக்கச் செல்லும்பொழுது தம் சட்டைப்பைகளில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொள்வார் என்பதும், வெள்ளிப் பூணிட்ட கைத்தடியால் தரையில் குழி செய்து ஒவ்வொரு விதையாக ஊன்றிச் செல்வார் என்பதும் ஆனைமலையில் இன்றும் சொல்லப்படும் செய்திகள்.

தேக்கு விதை எளிதில் முளைப்பதன்று. அதன் ஓடு தடித்தது. நனைந்தும் உலர்ந்தும் மீண்டும் நனைந்தும் பதமான பிறகே அது பிளந்து முளை விடும். ஊன்றியவற்றுள் பல முளைப்பதில்லை. முளைத்தவற்றுள் பலவற்றை மானும் காட்டெருமையும் மேய்ந்துவிடும். எனவே ஒருநாள் விழாவாக விதைத்துவிட்டு அகன்றால் பயன் விளையாது. ஆண்டுதோறும் சென்று பார்த்தல் வேண்டும். மவுண்ட் ஸ்டூவர்ட் பகுதியில் ஓர் எளிய இல்லத்தில் வுட் தனிமையில் வாழ்ந்தார். காட்டின் நடுவே தங்கியிருந்ததனால்தான், அதன் வளர்ச்சியை ஒவ்வொரு பருவத்திலும் அவரால் காண முடிந்தது.

அதிகாரி ஒருவர் திட்டம் வகுப்பதால் மட்டும் காடு எழுவதில்லை. ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் ஆகிய மக்கள் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். எந்த ஓடை எப்பொழுது வற்றும், யானை எவ்வழி செல்லும், காற்று எத்திசையில் தீயைக் கொண்டுசெல்லும் என்பன அவர்களுக்குத் தெரியும். யானைகளைப் பழக்கி மரவேலையில் ஈடுபடுத்துவதில் மலசர் கைதேர்ந்தவர்கள். கோழிகமுத்தி யானை முகாமில் அந்த மரபு இன்றும் தொடர்கிறது. காட்டை மீட்டவர்களின் பட்டியலில் வுட்டின் பெயரோடு, பெயர் எழுதப்படாத அவர்களின் உழைப்பையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும்.

தேக்குகளின் நடுவே

முதுமையில் வுட்டின் உடல்நலம் குன்றியது. காசநோய்க்கு ஆளான அவர் 1933 டிசம்பர் 12 அன்று குன்னூரில் காலமானார். தாம் வளர்த்த மரங்களின் நடுவே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதன்படியே அவர் உடல் ஆனைமலைக்குக் கொண்டுவரப்பட்டு மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய கல்லறையில் இலத்தீன் மொழியில் ஒரு தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. இவருக்கு நினைவுச் சின்னம் எங்கே என்று தேடுபவர் தம்மைச் சுற்றிலும் நோக்குக என்பது அதன் கருத்து. இலண்டனில் தூய பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் 1723-இல் மறைந்தபின், அப்பேராலயத்திலேயே அவர் கல்லறையருகே பொறிக்கப்பட்ட தொடரும் அதுவே. ரென்னைத் தேடுவோர் நிமிர்ந்தால் கல்லால் எழுந்த மண்டபத்தைக் காண்பர். வுட்டைத் தேடுவோர் ஓங்கிய தேக்குகளைக் காண்பர். கட்டடம் கட்டி முடித்த நாளிலிருந்து பழமையடைகிறது. காடோ காத்தால் ஆண்டுதோறும் புதுமையடைகிறது.

அக்காடு பின்னர் 1976-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007-இல் ஆனைமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. யானை, புலி, காட்டெருமை, வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி முதலியவை அம்மலைத்தொடரில் வாழ்கின்றன. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் வழியாக அம்மலைகளின் நீர் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பகுதிகளின் வயல்களுக்குப் பாய்கிறது. காட்டின் நலன் காட்டோடு நிற்பதில்லை. சமவெளியின் உழவருக்கும் அதில் பங்கு உண்டு.

பணியின் பெருமையும் எல்லையும்

ஒருவரின் வாழ்வைக் கற்கும்பொழுது அவர் வாழ்ந்த காலத்தின் எல்லைகளையும் அறிதல் வேண்டும். வுட் பணியாற்றிய அரசு, காட்டை முதன்மையாக மரக் களஞ்சியமாகவே கருதியது. மீண்டும் வெட்டுவதற்காகவே மரங்கள் காக்கப்பட்டன. வனச் சட்டங்கள் காட்டைக் காத்த அதே வேளையில், காட்டையே வீடாகக் கொண்ட மக்களின் உரிமைகளைச் சுருக்கின. மேலும், தேக்கு ஒன்றே நிறைந்த தோப்பு முழுமையான காடு ஆகாது. காட்டுக்கு அத்தி வேண்டும், நெல்லி வேண்டும், மூங்கில் வேண்டும், கொடியும் புதரும் வேண்டும். பழம் தரும் மரம் இல்லாத இடத்தில் இருவாச்சிக்கு உணவு இல்லை.

இன்று இவ்வெண்ணம் வலுப்பெற்றுள்ளது. ஆனைமலையின் மேற்பரப்பில் உள்ள வால்பாறையில், தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் உள்நாட்டு மர வகைகள் பலவற்றை நட்டு வளர்க்கும் பணி நடைபெறுகிறது. உலக அளவில் 2011-இல் பான் நகரில் தொடங்கிய அறைகூவல், 2030-க்குள் 35 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்டெடுக்கும் பணியைத் தொடங்குவதைக் குறிக்கோளாகக் கொண்டது. இந்தியா 2.6 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்க 2019-இல் உறுதி கூறியது. ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையுள்ள காலத்தைச் சூழல் அமைப்புகளின் மீட்புப் பத்தாண்டு என அறிவித்துள்ளது. இவை அனைத்திலும், நிலத்தின் நலனும் அங்கு வாழும் மக்களின் வாழ்வும் ஒன்றாக உயர வேண்டும் என்பதே அடிப்படைக் கொள்கை.

நம் மலைகளுக்கு ஒரு பாடம்

மார்டள்ளியைச் சூழ்ந்த மலைகளின் சிக்கல் வேறு வகையானது. அழகுச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்க வெப்பமண்டல உண்ணிச்செடி, இன்று மாதேசுவர மலைக் காடுகளின் அடிநிலத்தை மூடிப் பரவியுள்ளது. அதன் நிழலில் புல் வளர்வதில்லை; மரக்கன்று எழுவதில்லை. வெளியே பசுமையாகத் தோன்றினாலும் உள்ளே காடு நலிகிறது. பசுமை அனைத்தும் காடு அன்று என்பதை நம் மலைகள் நமக்குக் கற்பிக்கின்றன.

இங்கும் நம்பிக்கைக்கு இடம் உண்டு. மாதேசுவர மலையில் வாழும் சோலிகர், பெங்களூரைச் சார்ந்த ஏட்ரீ ஆய்வு அறக்கட்டளையின் துணையோடு, உண்ணிச்செடியை வெட்டி, அதன் தண்டுகளால் நாற்காலி முதலிய பொருள்களைச் செய்து வருவாய் ஈட்டுகின்றனர். மூங்கிலுக்கு மாற்றாக உண்ணித்தண்டு பயன்படுவதால் மூங்கிலும் காக்கப்படுகிறது. அருகே உள்ள பிலிகிரிரங்கன மலையில், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, சோலிகரின் சமுதாய வன உரிமைகள் 2011-இல் ஏற்கப்பட்டன. காட்டை அறிந்தவர்களைக் காட்டிலிருந்து விலக்காமல் காப்பவர்களாக ஏற்பதே அதன் பொருள்.

தேக்கு வளர்த்த அதிகாரிக்கும் உண்ணிச்செடி அறுக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒரு நூற்றாண்டு இடைவெளி உண்டு. எனினும் இருவர் பணியும் ஓர் உண்மையைக் காட்டுகின்றது. மீண்டும் என்ன வளரும் என்பது, எதை எடுக்கிறோம் என்பதைவிட எதை விட்டுவைக்கிறோம் என்பதையே பொறுத்தது. வேர் இருக்கும்வரை காட்டுக்கு மறுபிறப்பு உண்டு.

சொற்பொருள்

வைரம் – மரத்தின் உறுதியான உட்பகுதி
மறுதாம்பு – வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தளிர்ப்பது
வேர்த்தொகுதி – ஒரு மரத்தின் வேர்கள் அனைத்தும்
உளுத்தல் – உள்ளே அரிக்கப்பட்டுச் சிதைதல்
பூண் – கைத்தடி முதலியவற்றின் முனையில் இடும் உலோக வளையம்
அறைகூவல் – பலரையும் ஒரு செயலுக்கு அழைத்தல்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்ட ஆண்டு
 (க) 1933 (ங) 1956 (ச) 1976 (ஞ) 1997
2. வுட் அடக்கம் செய்யப்பட்ட இடம்
 (க) குன்னூர் (ங) போத்தனூர் (ச) மவுண்ட் ஸ்டூவர்ட் (ஞ) வால்பாறை
3. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டுப் பாலையாகும் எனக் காட்டும் நூல்
 (க) சிலப்பதிகாரம் (ங) மணிமேகலை (ச) பெரியபுராணம் (ஞ) கம்பராமாயணம்

ஆ. பிரித்து எழுதுக.

1. மலைச்சரிவு 2. அடிக்கட்டை 3. வேர்த்தொகுதி 4. மேல்மண்

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. டாப்சிலிப் என்னும் பெயர் எவ்வாறு ஏற்பட்டது?
2. கப்பல் கட்டுவோர் தேக்கை விரும்பியது ஏன்?
3. உண்ணிச்செடி காட்டுக்கு எவ்வகையில் தீங்கு செய்கிறது?

ஈ. சுருக்கமாக விடை தருக.

1. மரத்தை வேரோடு அகற்றுவதற்கும் அடிக்கட்டையை விட்டு அறுப்பதற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. ஆனைமலை மக்களின் அறிவு காட்டைக் காக்க எவ்வாறு துணைசெய்யும்?

உ. விரிவாக விடை தருக.

தேக்குத் தோப்பு முழுமையான காடு ஆகாது என்னும் கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு விளக்கி, வுட்டின் பணியை மதிப்பிடுக.

ஊ. செயல்திட்டம்

உம் ஊரின் அருகே வெட்டப்பட்டு மீண்டும் தளிர்த்த மரம் ஒன்றைக் கண்டறிக. ஒரு பருவம் முழுவதும் அதன் தளிர்களின் எண்ணிக்கையையும் உயரத்தையும் மாதந்தோறும் குறித்து அட்டவணையாக்குக. அம்மரத்தின் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும், சோலிகர் வழங்கும் பெயர் உண்டெனின் அதனையும், ஊர்ப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.